காலையில் மட்டும் ஆன் ஆகாத கம்ப்யூட்டர்: மதர்போர்டா, எஸ்.எம்.பி.எஸ்ஸா?

கல்லிடை_அச்சகம் | திங்கள், காலை 11.20

எல்லாருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் சின்னதாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, அப்பளப் பாக்கெட் லேபிள், கோவில் கொடை நோட்டீஸ், இவைதான் தொழில். கடையில் இருக்கிற டெஸ்க்டாப் ஐப்பசி மழையில் இருந்தே படுத்துகிறது. காலையில் கடை திறந்து பட்டனை அமுக்கினால் உள்ளே ஃபேன் அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு தடவை ஆன் ஆகிவிடும். ஆன் ஆகிவிட்டால் கடை சாத்துகிற வரை ஒரு குறையும் இல்லை. மத்தியானம் ஷட்டவுன் செய்துவிட்டுச் சாப்பிடப் போய்வந்து போட்டாலும் முதல் அமுக்கிலேயே வருகிறது. மறுநாள் காலை பழையபடி. மார்கழி பிறந்த பிறகு இன்னும் மோசம்.

பார்க்க வந்தவர் பட்டனை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிட்டு அண்ணாச்சி, இந்த மாடலுக்குப் புது போர்டு வராது, ப்ராசஸர், ரேம் எல்லாம் சேர்த்துத்தான் மாத்தணும்" என்று சொல்லிவிட்டார். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். இது விண்டோஸ் 7 மெஷின். பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரும் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும் இதில்தான் இருக்கின்றன. பழைய பத்திரிகை மாதிரிகள் அத்தனையும் அந்த எழுத்துருக்களில்தான். புது மெஷினில் திறந்தால் பெயரெல்லாம் கட்டம் கட்டமாக வரும் என்று பயமாக இருக்கிறது. தை முகூர்த்த ஆர்டர்கள் வேறு வந்து நிற்கின்றன. உண்மையிலேயே போர்டுதானா, இல்லை, உள்ளே கரண்ட் தருகிற பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸா?

ஜங்ஷன்_வாசி | திங்கள், காலை 11.34

ரேமைக் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கிற பட்டைகளை ரப்பரால் துடைத்து மாட்டுங்கள். நம்ம ஊர்த் தூசிக்கு இதுதான் முதல் வைத்தியம்.

களக்காட்டான் | திங்கள், காலை 11.50

பேட்டரியைப் பாருங்க அண்ணாச்சி. போர்டில் வட்டமாக ஒரு காசு மாதிரி இருக்கும், சி.ஆர். 2032. அது இறங்கினாலும் இப்படித்தான் பண்ணும்.

பாளை_மீட்டர் | திங்கள், பகல் 12.15

ரேம், பேட்டரி என்று ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். பவர் வந்து, ஃபேன் ஓடி, திரையில் மட்டும் ஒன்றும் வராமல் இருப்பது ஒரு நோய். பவரே நிற்காமல் போவது வேறு நோய். ரேம் அழுக்கு பெரும்பாலும் முதல் வகை. ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், பீப் அடிக்கும், அல்லது திரை கறுப்பாகவே இருக்கும். இவருக்கு ஃபேனே அரைச் சுற்றில் நிற்கிறது. பேட்டரி இறங்கினால் தேதியும் பயாஸ் (ஆன் ஆகும்போது போர்டில் முதலில் ஓடுகிற மென்பொருள்) அமைப்பும் அழியும். அதனால் ஆன் ஆகாமலே போகிற போர்டுகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் வராதது மத்தியானம் ஒழுங்காக வருகிறது என்பதை அது விளக்காது.

அண்ணாச்சி, சில கேள்விகள். ராத்திரி கடை சாத்தும்போது சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிடுவீர்களா? நடுவில் யு.பி.எஸ். இருக்கிறதா, வயது என்ன? அரைச் சுற்றில் நின்ற பிறகு பட்டனை மறுபடி அமுக்கினால் மறுபடியும் அரைச் சுற்று சுற்றுகிறதா, இல்லை, வயரைப் பிடுங்கி மாட்டினால்தான் அசைகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் ரொம்ப முக்கியம்.

கல்லிடை_அச்சகம் | திங்கள், பகல் 1.05

ராத்திரி மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவேன். இங்கே மணிமுத்தாறு பக்கம் இடி இறங்கினால் எதை வைத்துவிட்டுப் போனாலும் பயம். யு.பி.எஸ். இருக்கிறது, 600 வி.ஏ., பேட்டரி மாற்றிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. வயரைப் பிடுங்க வேண்டியது இல்லை. அமுக்க அமுக்க ஒவ்வொரு தடவையும் அரைச் சுற்று சுற்றுகிறது. தேதியும் சில நாள் தப்பாகக் காட்டுகிறது, களக்காட்டுத் தம்பி சொன்னது சரிதானோ?

வள்ளியூர்_காற்றாலை | திங்கள், பகல் 1.30

யு.பி.எஸ்ஸைத் தள்ளி வைத்துவிட்டு நேரடியாகச் சுவரில் மாட்டிப் பார்த்துவிடுங்கள். காசு செலவு இல்லாத சோதனை. அப்புறம் முன்பக்கப் பட்டன். உள்ளே இருந்து அதன் வயர் போர்டில் இரண்டு பின்னில் செருகியிருக்கும். அந்த வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு எடுத்தால் அதுவே பட்டன். அங்கே இரண்டு பின் தொடுவதில் ஆபத்து ஒன்றும் இல்லை. பழைய பட்டன் சில சமயம் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். தொடர்ந்து அமுக்கியபடியே இருந்தால் சில விநாடியில் மெஷின் தானாக அணையும். ரீசெட் பட்டனுக்கும் இதே கதை உண்டு.

கல்லிடை_அச்சகம் | திங்கள், பகல் 3.40

நேரடியாக மாட்டினேன், ஸ்குரூ டிரைவராலும் தொட்டேன். இப்போது இரண்டிலும் நன்றாக வருகிறது. ஆனால் இந்நேரம் அது எப்படிப் போட்டாலும் வரும், அதனால் ஒன்றும் சொல்வதற்கில்லை. காலையில் மறுபடி பார்க்கிறேன்.

பாளை_மீட்டர் | திங்கள், மாலை 6.10

பார்க்கலாம். அதற்கு முன் இன்று ராத்திரி ஒரு சோதனை. வானம் தெளிவாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஷட்டவுன் செய்யுங்கள், ஆனால் சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பின்னால் இருக்கிற சுவிட்சும் போட்டபடியே இருக்கட்டும். காலையில் முதல் அமுக்கிலேயே வந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஏன் என்றும் சொல்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் உண்மையில் இரண்டு மின்வழங்கிகள் இருக்கின்றன. பெரியது 12, 5, 3.3 வோல்ட் தருவது. அது கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டும் ஓடும். சின்னது ஊதா வயரில் 5 வோல்ட் தருவது, ஸ்டாண்ட்பை என்பார்கள். சுவரில் கரண்ட் இருக்கிற வரை அது ஓயாது. கடை சாத்திய பிறகும் வாசலில் உட்கார்ந்திருக்கிற காவல்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டவுன் செய்த பிறகும் மவுஸின் சிவப்பு விளக்கு எரிகிறதே, பல போர்டுகளில் அது இந்தச் சின்ன மின்வழங்கியின் தயவுதான்.

பட்டனை அமுக்கினால் கரண்ட் நேராகப் பாய்வதில்லை. ஸ்டாண்ட்பையில் விழித்திருக்கிற போர்டு அந்த அமுக்கைப் பார்த்து, பச்சை வயரைக் கிரவுண்டோடு, அதாவது கறுப்பு வயரோடு சேர்க்கும். அதைப் பார்த்துப் பெரிய மின்வழங்கி கிளம்பும். எல்லா வோல்டேஜும் நிலைப்பட்ட பின் 100 முதல் 500 மில்லி விநாடிக்குள் சாம்பல் வயரில் 'சரி' என்று சிக்னல் வரும். அதன் பிறகுதான் ப்ராசஸர் வேலையை ஆரம்பிக்கும். இந்தக் கொஞ்ச நேரத்தில் ஸ்டாண்ட்பை தளர்ந்துவிட்டால் போர்டு தன் நினைவை இழந்து பச்சை வயரை விட்டுவிடும். ஃபேன் கிளம்பி நிற்கும். நீங்கள் சொல்கிற அரைச் சுற்று அப்படியே இதுதான்.

வயரைப் பிடுங்கினால்தான் அசையும் என்று நீங்கள் சொல்லியிருந்தால் என் சந்தேகம் வேறு பக்கம் போயிருக்கும். எங்காவது ஷார்ட் இருந்து எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ளப் பூட்டிக்கொண்டால் பெரும்பாலும் அப்படித்தான், கரண்ட்டைத் துண்டித்தால்தான் பூட்டு விடும்.

உவரிக்காரன் | திங்கள், மாலை 6.45

நடுவில் புகுந்து கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் பையனின் மெஷினிலும் இதே பிரச்சினை. ஆன் செய்தால் மூன்று விநாடி ஓடி நிற்கிறது. பிறகு வயரைப் பிடுங்கி மாட்டும் வரை உயிரே இல்லை. கடற்கரை வீடு. கேபினெட் ஸ்குரூ எல்லாம் துரு. நானும் எஸ்.எம்.பி.எஸ். மாற்றிவிடட்டுமா?

பாளை_மீட்டர் | திங்கள், மாலை 6.58

மாற்றாதீர்கள். உங்களுடையது அதே பிரச்சினை இல்லை. இப்போது எழுதினேனே, அந்த இன்னொரு வகை. முன்பக்கப் பட்டன் வயர் தவிர மற்ற எல்லாவற்றையும் போர்டில் இருந்து கழற்றுங்கள்: ஹார்டு டிஸ்க், டி.வி.டி., முன்பக்க யு.எஸ்.பி., ஆடியோ, தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதுவும். ப்ராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம் மட்டும் இருக்கட்டும். அப்படி ஓடினால் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வாருங்கள், எதை மாட்டும்போது நிற்கிறதோ அதுதான். ப்ராசஸருக்குத் தனியாக வருகிற 4 பின் அல்லது 8 பின் இணைப்பு உறுதியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கல்லிடை_அச்சகம் | செவ்வாய், காலை 9.15

முதல் அமுக்கு. வந்துவிட்டது! ராத்திரி மழை இல்லை, சுவிட்சைப் போட்டபடியே விட்டேன். தேதியும் சரியாக இருக்கிறது.

களக்காட்டான் | செவ்வாய், காலை 9.31

அப்புறம் என்ன, இனி அணைக்காமலே விட்டுவிட வேண்டியதுதானே. செலவில்லாமல் முடிந்தது.

மேலப்பாளையம்_டிவிக்கடை | செவ்வாய், காலை 10.20

முடியவில்லை தம்பி, தள்ளிப்போடுகிறீர்கள். டி.வி., ஆம்ப்ளிஃபயர், எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் என் மேஜைக்கு வந்து போகிறவைதான். கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது, இது கப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைத்துத் தருகிற பாகம்) கேஸ்.

எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் வருடக்கணக்காகக் கிடந்து அது காய்ந்துகொண்டே வரும். காயக் காய உள் எதிர்ப்பு கூடும். குளிர்ந்து கிடக்கும்போது அந்த எதிர்ப்பு இன்னும் கூடுதல். சூடேறினால் குறையும். அதனால்தான் காலையில் முரண்டு பிடிக்கிற டப்பா மத்தியானம் நல்ல பிள்ளையாகிறது. மார்கழியில் மோசமானதற்கும் காரணம் இதுதான். நம்ம ஊர் மார்கழி பெரிய குளிர் ஒன்றும் இல்லை, ஆனால் சாகப்போகிற கப்பாசிட்டருக்கு அந்தச் சில டிகிரி போதும். ராத்திரி முழுக்கக் கரண்டில் இருந்தால் ஸ்டாண்ட்பை பகுதி இளம் சூட்டிலேயே இருக்கும், அதனால் காலையில் பிழைத்துக்கொள்கிறது. அதோடு ஸ்டாண்ட்பையைக் கிளப்பிவிடுகிற குட்டிக் கப்பாசிட்டர் ஒன்று உண்டு. அது வலுவிழந்தால், ஓடிக்கொண்டிருப்பதை ஓட விடும், அணைந்ததைக் கிளப்பத்தான் திணறும்.

ஆயுள் கணக்கு சொல்கிறேன். 105 டிகிரி, 2000 மணி நேரம் என்று போட்ட கப்பாசிட்டர் என்றால், அந்தச் சூட்டில் 2000 மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 65 டிகிரியில் வைத்தால் 32,000 மணி நேரம். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம், அப்படியானால் இரவு பகலாக ஓடினால் மூன்றரை வருடத்துக்குச் சற்று மேல். அதே இடத்தில் 85 டிகிரி கப்பாசிட்டர் போட்டிருந்தால் 8,000 மணி நேரம், ஒரு வருடம்கூட முழுசாக வராது. மலிவு எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பிரித்தால் எனக்கு அதிகம் கண்ணில் படுவது இந்த இரண்டாவது வகைதான். ஸ்டாண்ட்பை பகுதிக்கு ஷட்டவுனில் ஓய்வும் கிடையாது, ஃபேன் காற்றும் கிடையாது. அணைக்காமலே விட்டால் இப்போது பிழைக்கும், அடுத்த முறை ராத்திரி கரண்ட் போய் வந்தால் அங்கேயே படுத்துவிடும்.

சந்தேகி | செவ்வாய், காலை 10.55

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் மதர்போர்டிலும் கப்பாசிட்டர் இருக்கிறதே? 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் ப்ராசஸரைச் சுற்றி உப்பி வெடித்த கப்பாசிட்டர்களை நாம் எல்லாரும் பார்த்தோம். அதுவும் குளிரில் படுக்கும், சூட்டில் எழும்பும். போர்டு என்று சொன்னவர் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். இந்தச் சோதனை இரண்டையும் பிரிக்கவில்லை.

பாளை_மீட்டர் | செவ்வாய், காலை 11.10

நியாயமான கேள்வி. அதனால்தான் பாதிப் பதில் என்றேன். மீதிப் பாதிக்கு அளந்து பார்க்க வேண்டும். அண்ணாச்சி, பக்கத்தில் எலக்ட்ரீஷியன் யாரிடமாவது மல்டிமீட்டர் இருக்குமா? மஞ்சள் நிறத்தில் வருகிற சாதாரண மீட்டர் போதும்.

ஜங்ஷன்_வாசி | செவ்வாய், காலை 11.22

மீட்டர் எதற்கு? எஸ்.எம்.பி.எஸ்ஸில் இருந்து போர்டுக்கு வருகிற 24 பின் இணைப்பைக் கழற்றி, பச்சைக்கும் பக்கத்துக் கறுப்புக்கும் ஒரு ஜெம் கிளிப்பை வளைத்துச் செருகினால் ஃபேன் ஓடும். ஓடினால் எஸ்.எம்.பி.எஸ். நல்லது.

பாளை_மீட்டர் | செவ்வாய், காலை 11.40

ஓடாவிட்டால் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். கெட்டது என்று சொல்லலாம். ஓடினால் நல்லது என்று சொல்ல முடியாது. கிளிப் செருகும்போது சுமையே இல்லை. சுமை இல்லாதபோது எல்லாமே ஒழுங்காக இருக்கும். இன்னும் ஒன்று, சில புது எஸ்.எம்.பி.எஸ்களில் சுமை குறைவாக இருந்தால் ஃபேன் சுற்றவே சுற்றாது. அதைப் பார்த்து நல்லதைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு.

அளக்கிற முறை இது. 24 பின் போர்டிலேயே மாட்டி இருக்கட்டும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இடத்தில். சிவப்பு முனையை ஊதா வயர் இணைப்புக்குள் போகிற இடத்தில் பின்னால் இருந்து செருகுங்கள். ஊதா 9ஆவது பின், ஒரு பக்கம் சாம்பல், மறு பக்கம் மஞ்சள். அந்த இரண்டையும் ஊதாவையும் சேர்த்துத் தொட்டுவிடாமல் கவனம். 5 வோல்ட், ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 4.75 முதல் 5.25 வரை. இன்று ராத்திரி சுவிட்சை அணைத்துவிடுங்கள். காலையில் பட்டனைத் தொடும் முன் ஒரு அளவு, அமுக்கும்போது ஒரு அளவு, நன்றாக ஓடிய பிறகு ஒரு அளவு.

மேலப்பாளையம்_டிவிக்கடை | செவ்வாய், பகல் 12.05

அப்படியே மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி ஊதாவில் ரிப்பிளையும் (டி.சி.யில் கலந்து வருகிற சின்ன ஏற்ற இறக்கம்) பார்க்கச் சொல்லுங்கள். கப்பாசிட்டர் போயிருந்தால் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

பாளை_மீட்டர் | செவ்வாய், பகல் 12.20

இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை, பாய். ஸ்டாண்ட்பையில் அனுமதிக்கப்பட்ட ரிப்பிள் 50 மில்லி வோல்ட். மஞ்சள் மீட்டரில் ஏ.சி.யின் மிகச் சின்ன அளவே 200 வோல்ட்தான், 0.1 வோல்ட்டுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. போதாக்குறைக்கு அந்த வகை மீட்டர் பலவற்றில் ஏ.சி. நிலையில் டி.சி.யைத் தடுக்கிற கப்பாசிட்டர் கிடையாது. நல்ல 5 வோல்ட் டி.சி.யை வைத்தாலே ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அண்ணாச்சி அதைப் பார்த்து பயந்துபோவார்.

மேலப்பாளையம்_டிவிக்கடை | செவ்வாய், பகல் 12.31

சரிதான். என் மேஜையில் ரிப்பிளைத் திரையில் வரைந்து காட்டுகிற ஸ்கோப் இருக்கிறது, அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன். டி.சி. அளவே போதும்.

கல்லிடை_அச்சகம் | புதன், காலை 9.40

பக்கத்து மோட்டார் வைண்டிங் கடைத் தம்பியை மீட்டரோடு கூட்டிவந்தேன். அமுக்கும் முன் 4.41. அமுக்கும்போது எண்கள் ஓடின, அவர் பார்த்தது மூன்று சொச்சம், உடனே பழையபடி ஏறியது. போர்டில் இருக்கிற பச்சை விளக்கும் அந்த நேரத்தில் மங்கி எரிந்தது, இத்தனை நாள் நான் அதைக் கவனித்ததே இல்லை. ஆன் ஆகி ஒரு மணி நேரம் கழித்து இப்போது 4.86.

பாளை_மீட்டர் | புதன், காலை 9.52

4.41 என்பதே எல்லைக்குக் கீழே. மீட்டர் மெதுவானது, அது மூன்று சொச்சம் காட்டினால் உண்மையில் அதற்கும் கீழே விழுந்திருக்கும்.

சந்தேகி | புதன், காலை 10.05

எஸ்.எம்.பி.எஸ். பக்கம் சாய்கிறேன். ஆனாலும் போர்டில் ஏதாவது கசிந்து ஸ்டாண்ட்பையைக் கீழே இழுக்கலாம். 24 பின்னைக் கழற்றிவிட்டு அளந்தால் அப்போதும் 4.41 இருக்குமா என்று பார்க்கலாம். அதைவிட நல்லது, யாரிடமாவது நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கி மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் காலையில் போட்டுப் பாருங்கள். அணைப்பதுதான் முக்கியம், இல்லாவிட்டால் சோதனைக்கு அர்த்தம் இல்லை.

குறுக்குத்துறை_படித்துறை | புதன், காலை 11.15

அண்ணாச்சி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் மெஷின் நனைந்ததா? கேட்கக் காரணம் இருக்கிறது. 17, 18ஆம் தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எங்கள் வீட்டில் தரையில் இருந்த கேபினெட்டில் பாதி வரை தண்ணீர். வெயிலில் காயவைத்துப் போட்டதும் ஓடியது. ஆற்று வண்டல் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே பிடித்துக்கொண்டு, ஈரக்காற்று வந்தால் படுக்கும், வெயில் அடித்தால் எழும்பும். அப்படி நனைந்தது என்றால் வேறு சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கல்லிடை_அச்சகம் | புதன், பகல் 12.40

இல்லை, எங்கள் கடை மேட்டில் இருக்கிறது, தண்ணீர் படி வரைக்கும்கூட வரவில்லை. இரவல் எஸ்.எம்.பி.எஸ். அம்பாசமுத்திரத்தில் மச்சான் கடையில் கிடைக்கும். சாயங்காலம் வாங்கி வருகிறேன்.

ஒரு கேள்வி. மேலப்பாளையத்து அண்ணன் சொல்கிற கப்பாசிட்டர் விலை டீக் காசுதான் என்கிறார்கள். பழையதைப் பிரித்து நாமே மாற்ற முடியாதா? வைண்டிங் தம்பி பற்றவைப்பார்.

மேலப்பாளையம்_டிவிக்கடை | புதன், பகல் 1.10

கப்பாசிட்டர் மலிவுதான், அதற்காகப் பிரிக்கச் சொல்ல மாட்டேன். 230 வோல்ட் ஏ.சி. உள்ளே போய் டி.சி. ஆகும்போது 325 வோல்ட்டுக்குப் பக்கம். அது இரண்டு பெரிய கப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். வயரைப் பிடுங்கிய பிறகும் உடனே இறங்காது. வடிக்கிற ரெசிஸ்டர் கெட்டிருந்தால் ரொம்ப நேரம் நிற்கும். மோட்டார் வைண்டிங் தெரிந்தவர் திறமைசாலிதான், ஆனால் இது வேறு வீடு. என்னிடம் கொண்டுவந்தால் மாற்றித் தருவேன். நேர்மையாகச் சொல்கிறேன், பழைய மலிவு டப்பாவில் நாலு கப்பாசிட்டர் மாற்றினாலும் மற்ற பாகங்களுக்கும் அதே வயதுதான். தொழில் மெஷின் என்பதால் புதுசு போடுங்கள்.

கல்லிடை_அச்சகம் | வியாழன், காலை 9.10

இரவல் எஸ்.எம்.பி.எஸ். போட்டு, ராத்திரி சுவிட்சை அணைத்து, இப்போது வந்து அமுக்கினேன். முதல் தடவையிலேயே வந்தது. மீட்டரில் 5.06, அமுக்கும்போதும் அசையவில்லை. தேதி மட்டும் மறுபடி தப்பு.

சந்தேகி | வியாழன், காலை 9.25

போர்டின் மேல் இனி எனக்குச் சந்தேகம் இல்லை.

பாளை_மீட்டர் | வியாழன், காலை 9.48

தேதி விஷயத்தில் களக்காட்டுத் தம்பி சொன்னது சரி. சுவரில் கரண்ட் இருக்கிற வரை போர்டின் கடிகாரம் ஸ்டாண்ட்பையில் ஓடும், பேட்டரிக்கு வேலை குறைவு. நீங்கள் தினம் மெயினை அணைப்பதால் ராத்திரி முழுக்க அந்த 2032தான் கடிகாரத்தைச் சுமக்கிறது. புது பேட்டரி 3 வோல்ட் காட்டும். அதையும் மாற்றிவிடுங்கள். மாற்றியதும் பயாஸுக்குள் போய் தேதியையும், ஹார்டு டிஸ்க் எந்த முறையில் இருந்தது, ஐ.டி.இ.யா, ஏ.எச்.சி.ஐ.யா என்பதையும் பழையபடி வையுங்கள். அது மாறிப்போனால் விண்டோஸ் 7 நீலத்திரை காட்டும். மாற்றும் முன்பே அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது பெட்டியில் 450 வாட், 500 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டதை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்தான், இன்றைய கம்ப்யூட்டருக்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்த 12 வோல்ட்டில் இருந்துதான். உங்கள் மெஷினில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, அதனால் பெரிய வாட் தேவையே இல்லை. 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) உள்ள சின்னது, உத்தரவாதம் கூடுதலாகத் தருவது, போதும்.

கல்லிடை_அச்சகம் | வெள்ளி, மாலை 5.30

வண்ணாரப்பேட்டை போய் 80 பிளஸ் வாங்கி மாட்டிவிட்டேன், பேட்டரியும் மாற்றியாயிற்று. நன்றாக வருகிறது. ஆனால் புதுத் தலைவலி. கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. பழையதில் இது இல்லை. புது எஸ்.எம்.பி.எஸ். கெட்டதா? திருப்பிக் கொடுக்கட்டுமா?

பாளை_மீட்டர் | வெள்ளி, மாலை 5.52

உங்கள் கடையில் எர்த் இல்லை, அல்லது எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஒழுங்காகச் செய்த எஸ்.எம்.பி.எஸ்ஸில் மின் இரைச்சலை வடிகட்ட லைனுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே, நியூட்ரலுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே சின்னக் கப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இருந்தால் அந்த மிகச் சிறிய கசிவு பூமிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் நடுவில் தொங்கி, 230இல் பாதி, சுமார் 115 வோல்ட் காட்டும். மலிவு டப்பாக்களில் காசு மிச்சம் பிடிக்க அந்த வடிகட்டியே போடாமல் விடுவது உண்டு, அதனால் பழையதில் சுள் இல்லை. புதுசைத் திருப்ப வேண்டாம். நடுவில் இரண்டு பின் அடாப்டர் ஏதாவது செருகியிருக்கிறீர்களா?

கல்லிடை_அச்சகம் | வெள்ளி, மாலை 6.05

யு.பி.எஸ். ப்ளக்கை அப்படித்தான் செருகியிருக்கிறேன். சுவரில் மூன்று துளை இருக்கிறது, ஆனால் அந்தப் பெரிய ப்ளக் நுழையவில்லை.

திசையன்விளை_தேரி | வெள்ளி, இரவு 7.20

அடாப்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். மாற்றும்போதே எர்த் உயிரோடு இருக்கிறதா என்று ஒயர்மேனை லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முழு வெளிச்சமாக எரிய வேண்டும். கசிவைக் கண்டு துண்டிக்கிற பிரேக்கர் இருந்தால் அது விழும், அதுவும் நல்ல சகுனம்தான். வெறும் மீட்டரை நம்பினால் மெலிந்த எர்த்கூட 230 காட்டும். எங்கள் பக்கம் செம்மண் தேரி. குழி தோண்டிக் குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டாலும் சித்திரை, வைகாசியில் தண்ணீர் ஊற்றாவிட்டால் எர்த் இருந்தும் இல்லாத கணக்குத்தான். உங்களுக்கு ஆற்றுப் பாசன மண், அவ்வளவு கஷ்டம் இருக்காது.

உவரிக்காரன் | சனி, காலை 10.30

பாளை அண்ணாச்சி சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றினோம். மெஷின் நிற்காமல் ஓடியது. ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வந்தபோது முன்பக்க யு.எஸ்.பி. வயரைச் செருகினதும் நின்றது. துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பின் வளைந்து வெளித்தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பையன் பென் டிரைவைத் தலைகீழாகச் செருகியிருக்கிறான். இப்போது அந்த வயரைக் கழற்றியே வைத்திருக்கிறேன். போர்டில் ரேம் துளைகளில் பச்சை பிடித்த மாதிரி இருக்கிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

பாளை_மீட்டர் | சனி, காலை 10.44

உப்புத்தாள் கூடவே கூடாது, மேலே பூசிய தங்கம் உரிந்துபோகும், அப்புறம் உவரிக் காற்றில் இன்னும் சீக்கிரம் அரிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்கி, முடி உதிராத பிரஷ்ஷால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு கரண்ட் கொடுங்கள். முன்பக்க யு.எஸ்.பி. துளை வயரோடு சேர்ந்தே தனியாக விற்கும். மாட்டும்போது 9 பின்னில் காலியாக இருக்கிற மூலையைப் பார்த்துச் செருகச் சொல்லுங்கள்.